ஊர் நூலகத்து 214 டிவிடிகள்: நான்கு மாதம் காப்பி எடுத்த அனுபவம்

போன தை மாசக் கடைசியில், சம்பா அறுப்பு முடிந்து வைக்கோல் ஏற்றிய வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு போகிற நேரம், எங்கள் ஊர் நூலகச் செயலாளர் வாத்தியார் ஐயா மன்னார்குடியில் இருக்கிற என் கடைக்கு வந்தார். மஞ்சப்பையிலிருந்து ஒரு டிவிடியை எடுத்து மேசையில் வைத்து, "தம்பி, இது கடைசியில ஓட மாட்டேங்குது, நூலகத்துக் கம்ப்யூட்டர்ல டிரைவ் போயிடுச்சு போல, புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுக் குடு" என்றார். டிஸ்க்கின் மேல் வட்டமாக வெட்டி ஒட்டிய காகித ஸ்டிக்கர், அதில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதிய எழுத்து: "நடவுப் பாட்டு, 2007, காப்பி 1".

என் கடை சிஸ்டத்தில் போட்டுப் பார்த்தேன். எண்பது நிமிஷம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு டிரைவ் ஒரு மாதிரி முனக ஆரம்பித்தது, வேகம் எடுக்கும், இறங்கும், மறுபடி எடுக்கும். படம் கட்டம் கட்டமாக உடைந்து, வயலில் குனிந்திருக்கும் பெண்கள் பச்சைச் சதுரங்களாகி, அப்படியே நின்றுவிட்டது. டிரைவில் கோளாறு இல்லை ஐயா, டிஸ்க்தான் போய்க்கொண்டிருக்கிறது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இந்த மாதிரி அலமாரி நிறைய இருக்கே தம்பி" என்றார்.

அதை எண்ணிப் பார்த்தபோது 214 வந்தது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாற்றங்கரையில் இருக்கும் சின்ன நூலகம் அது. ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். 2005-லிருந்து 2011 வரைக்கும் ஒரு ஹேண்டிகேம் வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்தில் நடவுப் பாட்டு, ஒப்பாரி, கூத்து, கோயில் உற்சவத்து நாதஸ்வரம், பழைய விவசாயச் சங்கத்து ஆட்களின் நேர்காணல் என்று எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். எடுத்தது மினிடிவி கேசட்டில். டவுனில் ஒரு வீடியோ கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றிவிட்டு, கேசட் விலை கட்டுப்படியாகாமல் அதே கேசட்டில் அடுத்த நிகழ்ச்சியை எடுத்திருக்கிறார்கள். ஆக, அலமாரியில் இருக்கிற டிவிடிதான் மூலம். அதைத் தவிர வேறு எங்கும் அந்தப் பாட்டு இல்லை.

இந்த வேலையில் இறங்க நினைக்கிற வேறு நூலகங்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன், அதனால் தப்பாகச் செய்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் நாள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. எல்லா டிஸ்க்கையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பளிச்சென்று வெள்ளியாக இருந்தால் அது தொழிற்சாலையில் அச்சில் வார்த்த டிஸ்க், சினிமா டிவிடி மாதிரி. பள்ளங்கள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும், அதன்மேல் அலுமினியப் பூச்சு. பின்பக்கம் ஊதா ஜாடை அடித்தால் அது ரைட் செய்த டிஸ்க். அதில் பள்ளம் கிடையாது. ஒரு மெல்லிய சாயப் படலம்தான், அதை லேசர் சுட்டு அடையாளம் வைத்திருக்கும். சாயம் என்பது கரிமப் பொருள், வெயில் பட்டால் வெளுக்கும், சூட்டிலும் ஈரத்திலும் மெதுவாகச் சிதையும். நூலகத்து அக்கா (அங்கே பதிவேடு பார்ப்பவர்) எடுத்துக் கொடுக்க, நான் பிரித்து அடுக்கினேன். அச்சு டிஸ்க் 61, ரைட் செய்தது 153.

இதில் எனக்கே தெரியாத ஒன்று தெரிந்தது. அந்த 153-ல் பதினோரு டிஸ்க், நூலகம் காசு கொடுத்து வாங்கியவை. ஆவணப்படங்கள். அழகான பெட்டி, வழவழப்பான அட்டை, டிஸ்க்கின் முகத்தில் நேர்த்தியாக அச்சடித்த படம், பார்த்தால் கடைச்சரக்கு மாதிரியே இருக்கிறது. திருப்பினால் ஊதா. சின்னத் தயாரிப்பாளர்கள் ஐம்பது, நூறு பிரதி மட்டும் வேண்டும் என்கிறபோது அச்சு வார்க்கக் கட்டுப்படியாகாது, அதனால் வீட்டிலேயோ கடையிலேயோ ரைட் செய்து அனுப்பிவிடுகிறார்கள். அது அவர்கள் மேல் குற்றம் இல்லை, ஆனால் வாங்குகிற நூலகம் அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இந்தப் பதினொன்றில் மூன்று முழுசாகப் படிக்கவில்லை. வாத்தியார் ஐயா அந்தத் தயாரிப்பாளர்களைத் தேடிப்பிடித்துப் போன் செய்தார், இரண்டு பேர் மனசாரப் புதுக் கோப்பாகவே அனுப்பினார்கள், நூலகத்தில் பத்திரப்படுத்திக்கொள்ளவும் எழுத்தில் சம்மதம் கொடுத்தார்கள். மூன்றாமவர் கிடைக்கவில்லை. இனி பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறோம்: பின்பக்க நிறம் வெள்ளியா, ஊதாவா. ஊதா என்றால் வந்த அன்றைக்கே இமேஜ் (முழு டிஸ்க்கின் அப்படியே நகலான ஒரே கோப்பு) எடுக்க வேண்டும், எடுத்துக்கொள்ளச் சம்மதமும் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

சரி, அலமாரிக்கு வருகிறேன். ஸ்டீல் பீரோ, மேற்குச் சுவரை ஒட்டி. அந்தச் சுவரில் பிற்பகல் வெயில் முழுக்க விழும். சித்திரை வைகாசியில் பீரோவைத் தொட முடியாத அளவுக்குச் சூடு ஏறுகிறது, ஐப்பசி கார்த்திகையில் அதே சுவரில் ஈரம் பூக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 2003-ல் நூலகங்களுக்காக வெளியிட்ட கையேட்டில், டிஸ்க்குகளை 4 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள், ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறார்கள். நம்ம ஊரில் ஏசி இல்லாமல் ஒரு நாள்கூட அந்தக் கணக்குக்குள் வராது. போதாக்குறைக்கு 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது நூலகத்து ஓடு பறந்து, பீரோவின் கீழ்த்தட்டு நனைந்திருக்கிறது. கரண்ட் இல்லாமல் ஊரே இருட்டில் கிடந்த அந்த நாட்களில் புத்தகத்தைக் காயவைக்கவே ஆள் போதவில்லை, டிவிடியை யாரும் நினைக்கவில்லை. காகிதக் கவர் டிஸ்க்கோடு ஒட்டிக் காய்ந்து, பின்பக்கம் கவரின் நார் அப்படியே படிந்திருந்தது.

நனைந்த டிஸ்க்குகளில் ஒன்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை முதுகோடு முதுகாக ஒட்டியது, தகவல் இருக்கும் படலம் நடுவில் இருக்கிறது. (சிடியில் அப்படி இல்லை, அதன் தகவல் மேல் முகத்துக்கு அடியிலேயே, ஒரு மெல்லிய வார்னிஷுக்குக் கீழே இருக்கும், அதனால் சிடியின் எழுதுகிற பக்கம் கீறினால் அதோடு சரி.) விளிம்பைப் பார்த்தால் அந்த ஒட்டு ஒரு முடி போலத் தெரியும். நனைந்த டிஸ்க்கில் அந்த முடி ஒரு இடத்தில் வெளுத்து, அங்கிருந்து உள்ளே விரல்நக அளவுக்குத் தேநீர்க் கறை மாதிரி ஒரு நிறமாற்றம் போயிருந்தது. ஒட்டு விட்ட இடத்தில் ஈரம் உள்ளே போய், பிரதிபலிக்கிற உலோகப் பூச்சைத் தின்றிருக்கிறது.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டிவிடியில் எழுதுவது நடுவிலிருந்து ஆரம்பித்து விளிம்பை நோக்கிப் போகும். விளிம்பில் இருப்பது நிகழ்ச்சியின் கடைசி. ஈரம் விளிம்பில்தான் நுழைகிறது, கைரேகை விளிம்பில்தான் படுகிறது, ஸ்டிக்கர் காய்ந்து இழுத்து டிஸ்க் வளைந்தால் விளிம்புதான் அதிகமாகத் தூக்கும். இன்னொன்றும் உண்டு, 16 மடங்கு வேகத்தில் ரைட் செய்தால் அந்த உச்ச வேகம் எட்டப்படுவது விளிம்பில்தான், மட்டமான டிஸ்க்கில் எழுத்து கலங்குவதும் அங்கேதான். ஆக எங்கள் சேகரிப்பில் எல்லா நிகழ்ச்சியிலும் முதலில் போனது முடிவுதான். கச்சேரியில் மங்களம், நேர்காணலில் பெரியவர் கடைசியாகச் சொன்னது, நடவுப் பாட்டில் வேலை முடிந்து கரையேறும்போது பாடுகிற பாட்டு.

சுத்தம் செய்வது பற்றி நீட்ட வேண்டியதில்லை. வடிநீரும் மெத்தென்ற பருத்தித் துணியும் போதும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது, ஏனென்றால் வட்டமாக விழும் கீறல் ஒரே தடத்தை நெடுக அழிக்கும், குறுக்கே விழும் கீறலை டிரைவ் தாண்டிப் போய்விடும். பிசுக்கு இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். தின்னர், பெட்ரோல் எல்லாம் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். பல் தேய்க்கிற பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அது கீறலை மழுக்கக் கூடும்தான், ஆனால் கெட்டுப்போனது சாயமும் பூச்சும் என்கிறபோது மேல்தோலைத் தேய்த்துப் பயனில்லை. பீரோவில் புத்தகத்துக்குப் போடுகிற பாச்சை உருண்டை கிடந்தது, அதை எடுத்துவிடச் சொன்னேன்.

ஸ்டிக்கரில் நான் ஒரு தப்பு செய்தேன். ஒரு கூத்து டிஸ்க்கில் ஸ்டிக்கர் பாதி தூக்கிக்கொண்டு நின்றது, சுழலும்போது டிரைவுக்குள் உரசுமே என்று மெதுவாக உரிக்கப் பார்த்தேன். தகவல் இரண்டு தகடுக்கும் நடுவில்தானே இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்ற தைரியம். பசை டிஸ்க்கின் ஒட்டைவிட வலுவாக இருந்திருக்கிறது, விளிம்பில் "டிக்" என்று ஒரு சத்தம், மேல் தகடு ஒரு அரிசி அளவுக்குப் பிரிந்துவிட்டது. கடைசி நான்கு நிமிஷம் போச்சு. அதற்கப்புறம் எந்த ஸ்டிக்கரையும் உரிக்கவில்லை. தூக்கி நின்ற பகுதியை மட்டும் கத்தரியால் சீராக வெட்டிவிட்டு, வேகத்தைக் குறைத்துப் படித்தேன். லினக்ஸில் ஈஜெக்ட் கட்டளையிலேயே டிரைவின் வேகத்தைக் குறைக்க வழி இருக்கிறது, 4 மடங்கு என்று வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டிய, வளைந்த டிஸ்க்குகள் முனகாமல் சுழலும்.

காப்பி எடுக்க மூன்று டிரைவ் வைத்துக்கொண்டேன். கடையில் கிடந்த லைட்ஆன் கம்பெனியின் பழைய டிரைவ் ஒன்று, இன்னொரு டெஸ்க்டாப் டிரைவ், ஒரு மெலிசான யுஎஸ்பி டிரைவ். ஒரு டிரைவ் படிக்காத இடத்தை இன்னொன்று படிக்கும், இது ஆரம்பத்திலிருந்தே கைகொடுத்தது. மென்பொருள் டிடிரெஸ்க்யூ. சாதாரணமாகக் கோப்பை இழுத்துப் போட்டால் முதல் பிழையிலேயே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ அப்படி இல்லை, படிக்க முடிந்ததை முதலில் எல்லாம் வாரிக்கொண்டு, முடியாத இடத்தை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்துக்கொள்ளும், அப்புறம் திரும்பி வந்து அந்த இடங்களை மட்டும் முயற்சி செய்யும். செக்டர் (டிஸ்க்கில் தகவலைப் பிரித்து வைத்திருக்கும் சின்னத் துண்டு) அளவு 2048 பைட் என்று நாம் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் 512 என்று எடுத்துக்கொள்ளும். நம்ம ஊர் கரண்டுக்கு அந்த வரைபடக் கோப்பு பெரிய வரம். எத்தனையோ முறை பாதியில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் இறங்கி, திரும்ப வந்தபோது விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது.

முதல் சுற்றில், அதாவது துடைத்து ஒரு டிரைவில் ஒரே ஒரு முறை ஓட்டியதில், 153-ல் 102 முழுசாக வந்துவிட்டது. வாத்தியார் ஐயாவுக்குப் போன் செய்து சொன்னேன், அவருக்கு நிம்மதி. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அந்த 102-ஐயும் மறுபடி எடுத்து, பிழை எண்ணிப் பார்த்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் இதுதான். டிவிடியில் 16 செக்டர் சேர்ந்து 32 கேபி ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டோடும் ரீட்-சாலமன் முறைப்படி பிழை திருத்துவதற்கான உபரித் தகவலும் எழுதியிருக்கும், குறுக்குவாட்டில் ஒரு தடவை, நெடுக்குவாட்டில் ஒரு தடவை. புத்தம்புது டிஸ்க்கில்கூடப் பிழை இல்லாமல் இருக்காது, டிரைவ் அதைச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டே போகும், நமக்குப் படம் சுத்தமாகத் தெரியும். பிழை கூடிக்கொண்டே போனாலும் திருத்த முடிகிற வரைக்கும் படம் சுத்தமாகவேதான் தெரியும். ஆற்றங்கரை மாதிரி இது, தண்ணி கரையின் விளிம்பு வரைக்கும் ஏறி நின்றாலும் இந்தப் பக்கம் வயல் காய்ந்துதான் கிடக்கும், உடைப்பு எடுத்தால் ஒரே அடியாகப் போகும். தரநிலையில் அளவு வைத்திருக்கிறார்கள்: அடுத்தடுத்த 8 கட்டுகளில் குறுக்கு வரிசைப் பிழை 280-ஐத் தாண்டக் கூடாது, நெடுக்குத் திருத்தத்துக்குப் பிறகும் மிஞ்சும் பிழை ஒன்றுகூட இருக்கக் கூடாது. எல்லா டிரைவும் இந்த எண்ணிக்கையை வெளியே சொல்லாது, என் பழைய லைட்ஆன் சொல்லும். கியூபிஎக்ஸ்டூல் என்ற மென்பொருளில் வரைபடமாகப் பார்க்கலாம்.

முழுசாகப் படித்த 102-ல் 28 டிஸ்க் அந்த 280-ஐத் தாண்டியிருந்தது. சிலதில் நடுப்பகுதி இருபது, முப்பது என்று அமைதியாக இருக்கும், விளிம்பு வரும்போது கோடு செங்குத்தாக ஏறி ஆயிரத்தைத் தொடும். ஆனால் டிவியில் போட்டால் ஒரு சின்னக் கட்டம்கூட உடையாமல் ஓடும். நூலகத்தில் வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜையை ஒட்டி எல்லா டிஸ்க்கையும் போட்டுப் பார்த்து, ஓடினால் பதிவேட்டில் டிக் போட்டிருக்கிறார் அக்கா. பொறுப்பாகச் செய்த வேலை அது, அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த டிக், டிஸ்க் நல்லா இருக்கு என்று சொல்லவில்லை, இன்றைக்கு ஓடியது என்று மட்டும்தான் சொல்கிறது. நடவுப் பாட்டு டிஸ்க்குக்குக்கூடப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வரைக்கும் டிக் இருக்கிறது.

எந்த டிஸ்க் வாங்கினார்கள் என்று பார்த்ததிலும் ஒரு பாடம். டப்பாவில் ஒரே கம்பெனிப் பேர் இருந்தாலும், டிஸ்க்குக்குள்ளேயே உண்மையில் தயாரித்தவரின் குறியீடு பதிந்திருக்கும், மென்பொருளில் பார்க்கலாம். ஒரே பேர் போட்ட டிஸ்க்குகளில் மூன்று வேறு வேறு குறியீடு வந்தது. ஒரு குறியீட்டில் அநேகமாக எல்லாம் நன்றாக இருந்தது, இன்னொன்றில் பாதிக்கு மேல் போயிருந்தது. பேரைப் பார்த்து வாங்குவதில் பெரிய அர்த்தம் இல்லை, வாங்கியதும் இரண்டை ரைட் செய்து பிழை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பயன்படுத்த வேண்டும்.

மீதி 51-ல் ஏழு டிஸ்க் கம்ப்யூட்டரில் காலி என்று காட்டியது. பின்பக்கம் பார்த்தால் எழுதிய வளையம் தெரிகிறது, ஆனால் காலி. டிவியோடு இணைக்கிற ரெக்கார்டரில் பதிந்துவிட்டு ஃபைனலைஸ் செய்யாமல் விட்டவை அவை. பொருளடக்கம் எழுதாத புத்தகம் மாதிரி. அந்த ரெக்கார்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் இந்த மாதிரி டிஸ்க்குகளை நேராகத் துழாவிப் படிக்கும், ரைட் செய்யத் தெரிந்த டிரைவாக இருந்தால் நல்லது. ஐந்து வந்தது, இரண்டு வரவில்லை.

சித்திரை பிறப்பதற்குள் கணக்கு இப்படி நின்றது: சிரமப்பட்டு முழுசாக மீட்டது 33, ஓட்டையோடு மீட்டது 14, ஒன்றுமே கிடைக்காதது 4. நடவுப் பாட்டு அந்தப் பதினான்கில் இருந்தது.

அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 92 நிமிஷம், 3.9 ஜிபி. முதல் டிரைவில் 140 எம்பி படிக்கவில்லை. அதே வரைபடக் கோப்பை வைத்துக்கொண்டு டிஸ்க்கை மற்ற இரண்டு டிரைவிலும் மாற்றி மாற்றி, மெதுவான வேகத்தில், இரவு முழுக்க ஓட்டினேன், 38 எம்பியாகக் குறைந்தது. பீரோவில் "காப்பி 2" இருந்தது. இரண்டும் ஒரே இமேஜிலிருந்து எழுதியதா என்று முதலில் பார்த்தேன், மொத்த செக்டர் எண்ணிக்கை ஒன்று, இரண்டிலும் நன்றாகப் படித்த முதல் ஒரு ஜிபியின் ஹாஷும் (உள்ளே இருக்கும் தகவலிலிருந்து கணக்கிடுகிற, கைரேகை மாதிரியான ஒரு குறியீடு) ஒன்று. அப்படி இருந்தால் அதே வரைபடக் கோப்போடு இரண்டாவது டிஸ்க்கைப் போட்டு, முதல் டிஸ்க்கில் ஓட்டையான இடங்களை மட்டும் இதிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம். ஒரு செக்டர் வித்தியாசம் இருந்தாலும் இதைச் செய்யக் கூடாது, இமேஜே குழம்பிவிடும்.

காப்பி 2-உம் அதே விளிம்பில்தான் போயிருந்தது. ஒரே டப்பாவிலிருந்து எடுத்த டிஸ்க், ஒரே நாளில் ஒரே வேகத்தில் எழுதி, ஒரே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டி, ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே மழையில் நனைந்தவை. ஆனாலும் செக்டர் செக்டராக ஒரே இடத்தில் சாகவில்லை, அதனால் 38 எம்பி 11 எம்பியாக இறங்கியது. அதற்குக் கீழே போகவில்லை. 11 எம்பி என்றால் சின்னதாகத் தோன்றும். இந்த டிஸ்க்கில் ஒரு கட்டு, 32 கேபி, ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் டிவிடி வீடியோவைச் சுருக்கி வைக்கிற எம்பெக்-2 முறையில் ஒரு இடம் அடிபட்டால் அடுத்த முழு ஃபிரேம் வரும் வரை, கிட்டத்தட்ட அரை விநாடிக்கு, படம் சிதைந்தே இருக்கும். அந்த 11 எம்பி கடைசிப் பதினோரு நிமிஷத்தில் பொடிப் பொடியாகச் சிதறியிருந்தது. பாடுகிற அம்மா அடி எடுத்துக் கொடுக்கிறார், மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும், வாங்குகிற இடத்தில் சத்தம் வெட்டுகிறது. திரும்ப அடி எடுக்கிறார், திரும்ப வெட்டுகிறது. அதைக் கேட்டுக்கொண்டிருப்பது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அக்காதான் யோசனை சொன்னார். "அன்னிக்குப் பாடினவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டிவிடி குடுத்தமே ஐயா, மேடையில வச்சு." பாடிய அம்மா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அவருடைய பேத்தி கொரடாச்சேரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போயிருக்கிறார். வாத்தியார் ஐயா சொல்லிவிட, இரண்டு நாளில் அந்தப் பெண்ணே டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். "அப்பாயி டிரங்குப் பொட்டியில பட்டுப்புடவைக்கு நடுவுல வச்சிருந்துச்சு, கலியாணத்துக்கு எடுத்துப் போட்டுப் பாத்ததோட சரி" என்றார். ஸ்டிக்கர் இல்லை. பேர்கூட எழுதவில்லை. பின்பக்கம் நாலைந்து மெல்லிய கீறல், வேறொன்றும் இல்லை. இருட்டில், துணிக்குள், ஈரம் படாமல் அத்தனை வருஷம் இருந்திருக்கிறது.

செக்டர் எண்ணிக்கை ஒத்துப்போனது, ஹாஷும் ஒத்துப்போனது. வரைபடக் கோப்பைக் கொடுத்து ஓட்டினேன். இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். 11 எம்பி, 6, 2, அப்புறம் எண்கள் கேபிக்கு மாறி, 288 கேபியில் நின்றது. ஒன்பது கட்டு. இரண்டு இடத்தில். அதை ஓட்டிப் பார்த்தபோது ஒரு இடத்தில் வரப்பின்மேல் காமிரா திரும்பும்போது படம் கலங்குகிறது, இன்னொரு இடத்தில் சத்தம் ஒரு கணம் விக்குகிறது. பாட்டு முழுசாக இருக்கிறது. அந்தப் பெண் கடைசிப் பாட்டை நின்றுகொண்டே கேட்டார், முடிந்ததும் திரும்ப ஒருமுறை போடச் சொன்னார்.

இனி எப்படி வைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா இமேஜும் இரண்டு வெவ்வேறு கம்பெனி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, ஒன்று நூலகத்தில், மற்றது தஞ்சாவூரில் வாத்தியார் ஐயாவின் மகள் வீட்டில். ஒவ்வொரு இமேஜுக்கும் ஹாஷ் எடுத்து, அதை அச்சடித்தும் பதிவேட்டில் ஒட்டியாயிற்று. தையில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை இரண்டையும் சரிபார்ப்பது என் பொறுப்பு. முக்கியமான நாற்பதை மட்டும் புது டிஸ்க்கிலும் எழுதினோம். 4 மடங்கு வேகம், விளிம்பில் இடம் விட்டு 4 ஜிபிக்குள், எழுதிய உடனே பிழை எண்ணிப் பார்த்து 280-க்குப் பக்கத்தில்கூடப் போகாததை மட்டும் வைத்துக்கொண்டோம், மற்றதை உடைத்துப் போட்டோம். டிவிடிசாஸ்டர் என்ற மென்பொருளில் ஒவ்வொரு இமேஜுக்கும் தனியாகப் பிழைதிருத்தக் கோப்பு செய்து ஹார்ட் டிஸ்க்கில் வைத்தோம், அது இமேஜ் அளவில் சுமார் 14 சதவீத இடம் எடுக்கும். ஸ்டிக்கர் கிடையாது, நடுவில் இருக்கும் தெளிவான வளையத்தில் தண்ணீர் மை மார்க்கரால் எண் மட்டும். பெட்டியில் நிமிர்த்தி, சிலிக்கா ஜெல் பையோடு, கிழக்குச் சுவர் ஓரம்.

பழைய டிஸ்க் எதையும் தூக்கிப் போடவில்லை. நடவுப் பாட்டு போக ஓட்டையான மற்றப் பதிமூன்றும், ஒன்றும் வராத நான்கும் தனிப் பெட்டியில் இருக்கின்றன. அக்கா 2005-லிருந்து நன்கொடை நோட்டுகளையும் விழா அழைப்பிதழ்களையும் எடுத்துவைத்துக்கொண்டு, எந்த நிகழ்ச்சிக்கு யார் யாருக்கு டிவிடி கொடுத்தோம் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார். இதுவரைக்கும் 46 வீடு. நீடாமங்கலம், கொரடாச்சேரி, வலங்கைமான் பக்கம் முடித்துவிட்டு, குறுவை நடவு ஆரம்பிப்பதற்குள் மன்னார்குடிப் பக்கம் போக வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நாதஸ்வரக்காரர் வீட்டிலிருந்து இரண்டு டிஸ்க் வந்திருக்கிறது, இன்றைக்கு ராத்திரி ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறேன்.